எந்தப் படத்துப் பாட்டு?

எங்கள் பஜனைக் குழுவில் ஒரு பாட்டு நன்றாக அமைந்துவிட்டால், அதை உண்டாக்கியது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்தப் படத்துப் பாட்டு என்றுதான் கேட்பார்கள். யாங்கோன் தமிழர்களின் காது அப்படிப் பழகிப்போனது. முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நாங்கள் பாடுவதில் பாதிக்கு மேல் சினிமா மெட்டுதான். காதலியைக் கூப்பிடுகிற இடத்தில் கந்தனைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது. பர்மியர்களும் இதில் நமக்கு இளைத்தவர்கள் இல்லை. இந்திப் பாட்டு, சீனப் பாட்டு என்று எது கையில் கிடைத்தாலும் பர்மிய வார்த்தை போட்டுப் பாடி, அதற்குக் கோப்பிப் பாட்டு, அதாவது நகல் பாட்டு என்று பெயரும் வைத்து, கூச்சமே இல்லாமல் விற்றார்கள். சொந்த மெட்டுக்கு இங்கே இசைக்காரர்கள் சொல்வது ‘ஓன் டியூன்’.

என் ஓன் டியூன்களைக் கேசட்டில் பதிந்து எடுத்துக்கொண்டு இளம் வயதில் நான் ஏறாத கேசட் கம்பெனிப் படியில்லை. "இந்த மெட்டெல்லாம் யாருக்கும் தெரியாதே, தெரிந்த மெட்டுக்கு வார்த்தை எழுதிக்கொண்டு வா" என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொன்னார்கள். யாருக்கும் தெரியாமல் இருந்தால்தானே அய்யா அது சொந்த மெட்டு? எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கேசட்டை அடுப்பில் போட்டேன். வீடு நாறியதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு பபேடான் பேட்டையில் ஒரு மாடி வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பேன். தையல் மிஷின் ஓடும்போது மெட்டு ஏதாவது வரும். எனக்கு இசையை எழுதத் தெரியாது, ஆகவே கைபேசியில் முனகிப் பதிந்துவைப்பேன். என் கணவருக்குச் சவுண்டு செட்டு வேலை. கல்யாணம், தீமிதி, காதுகுத்து எல்லாவற்றுக்கும் குழாய் கட்டி, ஒயர் இழுத்து, மைக்கைத் தட்டிப் பார்த்து ஒப்படைப்பவர். நல்ல ஸ்பீக்கரைக் கண்டால் சிலர் நகைக்கடை முன்னால் நிற்கிற மாதிரி நின்றுவிடுவார். நான் பாடும்போது மட்டும் கரகரப்பு வரவே வராதபடி பார்த்துக்கொள்வார். அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் மூன்றும் ஒரே நேரத்தில் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிட மாட்டேன் என்று அடம். விழுங்க முடியாமல் இல்லை, பிடிக்காமல்தான். இன்னொருத்தர் கையால் ஊட்டிக்கொள்ள அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்து, "இன்னும் ஒரு வாய், இதுதான் கடைசி வாய்" என்று பொய் சொல்லிச் சொல்லி ஊட்டுவேன். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டே இருந்ததில் அதற்கு ஒரு மெட்டு வந்தது. வார்த்தை பிறகு அமைந்தது.

இன்னும் ஒரு வாய், இது கடைசி வாய்,
சொன்னது பொய்தான், சொன்னவள் தாய்தான்.

பஜனையில் இதைப் பாலமுருகனுக்கு ஊட்டுகிற பாட்டாக ஆக்கிக்கொண்டார்கள். ‘சொன்னது பொய்தான்’ என்கிற இடத்தில் மெட்டு சட்டென்று மேலே ஏறும். அந்த இடம் வரும்போது தாளம் போடுகிறவர்கள்கூடக் கண்ணை மூடிக்கொள்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்பட இனி எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

யாரோ ஒரு பிள்ளை அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஒரு பர்மியப் பெண் வீடு தேடி வந்தாள். ஒரு தொலைக்காட்சித் தொடரில் பாட்டுகளுக்குப் பொறுப்பாக இருக்கிறவள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. என்னை அத்தை முறையில் ‘அண்டி’ என்றும், என் கணவரை மாமா முறையில் ‘ஊலே’ என்றும் கூப்பிட்டாள். பபேடானில் நடக்கிற ஒரு குடும்பக் கதையாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த கணவனுக்கு ஒரு தமிழ்ப் பெண் ஊட்டுகிற காட்சி வருகிறதாம். அதற்கு அந்தப் பாட்டு வேண்டும் என்றாள். அதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினாள். இரண்டு காகிதம். ஒன்று பாட்டுக்கு, அதாவது வார்த்தைக்கும் மெட்டுக்கும். இன்னொன்று பதிவான குரலுக்கு. இந்தத் தொடரில் மட்டும் போடலாமா, வெளிநாட்டில் ஓடினாலும் போடலாமா, எத்தனை வருஷத்துக்கு, காட்சிக்குத் தகுந்தபடி வெட்டலாமா, குரலை எடுத்துவிட்டு வெறும் இசையை ஓட்டலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், என் பெயர் வருமா என்று. வரும் என்றாள். இது சொந்த மெட்டுதானே என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். முன்பு ஒரு தொடரில் கோப்பி மெட்டு ஒன்று நுழைந்து, இணையத்திலிருந்து அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்களாம். அதிலிருந்து அவளுடைய முதலாளி சூடுகண்ட பூனையாக இருக்கிறாராம். முப்பது வருஷமாக எல்லோரும் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை, அதுதான் வேண்டும் என்று ஒருத்தி கேட்கிறாள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேன்.

ஸ்டுடியோவில் பாட்டைச் சுத்தமாக என்னைப் பாடவைத்துப் பதிவும் செய்துகொண்டார்கள். கையெழுத்துதான் பாக்கி. அந்த நேரத்தில் அந்தப் பெண் ஒரு வெள்ளிக்கிழமை பஜனைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் உள்ளே பிரசாதம் பிரித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவை நடத்துகிற அண்ணனிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அவருக்கு மசாலாக் கடை. என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி, என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்க, இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தமிழ் சினிமாப் பாட்டும்மா, இந்தியாவில் பெரிய ஹிட்" என்று பர்மியத்தில் சொல்லியிருக்கிறார். சினிமா என்று சொன்னால் பாட்டுக்கு மதிப்பு கூடும், எனக்கும் காரியம் ஆகும் என்று நினைத்தாராம்.

கையெழுத்துப் போடுவதைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று எனக்குச் செய்தி வந்தது. ஏன் என்று போன் போட்டுக் கேட்டதும் அந்தப் பெண் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி மசாலாக் கடைக்குப் போனேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். நிற்கட்டுமே.

"அண்ணே, எந்தப் படம்? பேரைச் சொல்லுங்க. யாரு நடிச்சது, யாரு பாடினது, சொல்லுங்க பாப்போம்."

அவர் மிளகாய்த்தூள் கரண்டியும் கையுமாக விழித்தார். ஒரு வருஷமாக வாயில் வைத்துப் பாடிவிட்டு என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார். வார்த்தையை மட்டும் நான் எழுதினேன் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மெட்டையும் ஒருத்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு உண்டாக்குவாள் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"அவ்வளவு நல்லாருக்கே தங்கச்சி. அதான் சினிமான்னு நெனச்சேன்."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிற நிலையில் அன்று நான் இல்லை. கண்டதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் பாவம், உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, இது சினிமாப் பாட்டே இல்லை, என் தங்கச்சி போட்டது என்று சத்தியம் செய்திருக்கிறார். நேற்று ஒன்று சொன்ன ஆள் இன்று இன்னொன்று சொன்னால் யார் நம்புவார்கள்? காரியம் இன்னும் கெட்டது.

மெட்டு என்னுடையது என்று எப்படி நிரூபிப்பது? வீடு என்றால் பத்திரம் இருக்கும். பிள்ளை என்றால் மூக்கையும் முழியையும் பார்த்தாவது சொல்லலாம். அந்தப் பெண்தான் வழி சொன்னாள். முதன்முதலாக அந்த மெட்டு வந்தபோது பதிந்தது ஏதாவது இருக்கிறதா, அண்டி? அரைகுறையாக இருந்தால் இன்னும் நல்லது, முழுப்பாட்டைக் கேட்டுப் பாடியது இல்லை என்று தெரியும். தேதியும் அதிலேயே இருக்கும்.

இருந்தது. என் கைபேசியில் எல்லாம் இருக்கும், நான் எதையும் அழிப்பதில்லை. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது மெட்டு வர, கைபேசியைப் பக்கத்து ஸ்டூலில் வைத்து ஓடவிட்ட அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அந்தப் பதிவை அதற்குப் பிறகு நான் ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. மெட்டு மனசில் நின்றுவிட்ட பிறகு அதை எதற்குக் கேட்க வேண்டும்? இப்போதும் போட்டுப் பார்க்கவில்லை. தேதியை மட்டும் பார்த்தேன். வெற்றி என்று நினைத்தேன்.

வரச்சொன்ன நாளில் என் கணவரைத் தனியாக வீட்டில் விட்டுப் போக முடியாது, கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்குள் அவர் தடியை ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். பேச்சும் வந்திருந்தது, நாக்கு மட்டும் கொஞ்சம் இழுக்கும். மசாலாக் கடை அண்ணன் பிராயச்சித்தம் மாதிரி கடையைப் பூட்டிவிட்டு வந்து அவரைப் படியில் தாங்கி இறக்கினார். நான் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்த ஒரே பட்டுப் புடவையைக் கட்டியிருந்தேன். டாக்சி இன்சீன் போகிற சாலையில் போய் ஒரு பழைய வீட்டின் முன்னால் நின்றது. அந்த வீட்டின் கீழ்த்தளத்தைத்தான் அலுவலகமும் பதிவு அறையுமாக வைத்திருந்தார்கள்.

உள்ளே அந்தப் பெண்ணும், ஒலிப்பதிவு செய்கிற ஒரு தம்பியும் இருந்தார்கள். எங்களை உட்காரவைத்து, லப்பெயே கொடுத்தார்கள். எங்கள் ஊர்த் தேநீர் அது, கூடவே கொறிக்கப் பூசணி விதையும் வந்தது. என் கணவருடைய கண் தேநீரில் இல்லை. சுவர் ஓரமாக ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் நின்றன. தடியை ஊன்றி எழுந்துபோய் இடது கையால் ஒன்றைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அந்தத் தம்பி என் கைபேசியில் ஒயரைச் செருகிவிட்டு, காதில் மாட்டுகிற கருவியை எடுத்தான். தானும் அந்தப் பெண்ணும் கேட்டால் போதும் என்றான். அப்போது என் கணவர்தான் பர்மியத்தில் சொன்னார். "ஸ்பீக்கர்ல போடு தம்பி. எங்க வீட்டுக்காரி பாட்டு நல்ல பாக்ஸ்ல கேட்டதே இல்ல."

போட்டான்.

முதலில் தெருச் சத்தம். கீழே யாரோ விற்றுக்கொண்டு போகிறார்கள். கரண்டி கிண்ணத்தில் தட்டுகிறது. பிறகு என் குரல், இன்னும் ஒரு வாய், இது கடைசி வாய். பேச்சாகத் தொடங்கிப் பாதியில் பாட்டாகிறது. திரும்ப அதையே கொஞ்சம் மாற்றி முனகுகிறேன். அந்தப் பெண் சிரித்த முகமாக என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அண்ணன் தொடையில் தாளம் போட்டார். நானும் அசடு மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு இருமல். துப்புகிற சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. போதும் தம்பி, நிறுத்து, மெட்டுதான் வந்துவிட்டதே என்று சொல்லிக் கைபேசியை எடுக்க எழுந்தேன். அந்தப் பெண் கையமர்த்தினாள். அண்டி, அந்த ஏறுகிற இடம் இன்னும் வரவில்லையே, அதைத்தான் முதலாளி கேட்பார், அதுதான் சினிமா மாதிரி இருக்கிறது என்கிறார், அது வரைக்கும் ஓடட்டும் என்றாள்.

ஓடியது. என் குரல் அந்த ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலிருந்தும் கேட்டது.

"தொற வாயை. தொறங்கிறேன்ல. துப்புறியா? துப்பு. எத்தன நாளைக்குய்யா என் உசுர வாங்குவே? போய்ச் சேந்தாலாவது நான் நிம்மதியா இருப்பேன்."

அவரை நான் கல்யாணமான நாளிலிருந்து நீங்க வாங்க என்றுதான் கூப்பிடுகிறேன். அதில் நீ வா போ என்கிறேன். நல்ல ஸ்பீக்கர் என்பதால் ஒரு எழுத்துகூட மறையவில்லை.

அதை எப்படி மறந்திருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாள் திட்டியிருந்தால் அந்த நாள் நினைவிருக்கும். நான் ஒரு நாளா திட்டினேன்? அந்த மாதங்களில் காலையும் மாலையும் அதுதான் என் வாய். மெட்டு வந்த நாள் என்று மட்டும் அதை எடுத்துவைத்துக்கொண்டேன், மற்றது எல்லா நாளும் நடந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் என்னைக் கொன்றது அந்தத் திட்டு இல்லை. திட்டாத வீடு எது? அதற்குப் பிறகு பதிவில் அவர் அழுகிறார். கோணிய வாயில் அழுகை முழுசாக வராது, மூக்கு வழியாகத்தான் வரும். அந்த அழுகை நடந்துகொண்டிருக்கும்போதே நான் முனக ஆரம்பிக்கிறேன். மெட்டு அந்த இடத்தில் ஏறுகிறது. ஊரே கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறதே, அதே இடம். என் குரல் பெரிதாகிக்கொண்டே வருகிறது, அவருடைய அழுகை சின்னதாகிக்கொண்டே போகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். கஞ்சி அவருடைய தாடையில் வழிந்து கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துண்டு என் தோளில்தான் கிடந்தது. நான் அவர் பக்கம் குனியவில்லை. மெட்டு தப்பிப்போய்விடும் என்று கைபேசி பக்கம் குனிந்தேன்.

முப்பது வருஷம் மைக் பிடித்த மனுஷனுக்கு, குரல் ஏன் அப்படிப் பெரிதாகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தம்பி கட்டைவிரலை உயர்த்தினான். இதோ, இங்கேதான் பிறக்கிறது என்றான். அந்தப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும், கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது என்றாள். இரண்டு பேருக்கும் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அண்ணன் தாளத்தை நிறுத்திவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் கடைத்தெருவில் நான் நாக்கைச் சுழற்றியதைக் கேட்டவர்தான் அவர். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. என் கணவருடைய முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பட்டுப் புடவையோடு பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

அந்தப் பெண் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டாள். பதிவில் பேச்சு வருகிறதே, அதன் அர்த்தத்தைப் பர்மியத்தில் எழுதிவைத்தால்தான் வக்கீல் ஒத்துக்கொள்வார் என்றாள். பாட்டுக்கு நடுவில் அண்டி என்ன சொல்கிறீர்கள்?

நான் வாயைத் திறந்தேன். ஊர் வாயை மூடுகிற என் வாய்க்கு அன்று ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை. அவள் பேனாவோடு காத்திருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து என் கணவர்தான் சொன்னார். பர்மியத்தில், ஒவ்வொரு சொல்லாக, நாக்கைத் தூக்கித் தூக்கி வைத்துச் சொன்னார்.

"சாப்பிடச் சொல்றா. நான் சாப்பிடமாட்டேங்கிறேன். சாப்பிடச் சொல்றா."

அந்தப் பெண்ணுடைய கண் கலங்கிவிட்டது. மனைவி கணவனைச் சாப்பிடச் சொல்கிறார் என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். அதன் கீழே, மேலே கண்டது எல்லாம் உண்மை என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். மெட்டு என்னுடையது என்பதும் அதே காகிதத்தில்தான் இருந்தது. அது சத்தியமான உண்மை. போட்டேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு, சந்தோஷமா அண்டி என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

டாக்சியில் திரும்பி வந்தோம். வீட்டுப் படியில் அவரைத் தாங்கி ஏற்றிவிட்டு, மூச்சு வாங்க நின்ற அண்ணன் என்னைத் தனியாகப் பார்த்து ஒன்று சொன்னார்.

"தங்கச்சி, நீ கடையில என்னத் திட்டினதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்துச்சு. இப்ப இல்ல."

குத்திக்காட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. மன்னிச்சிருங்கண்ணே என்றேன். அதைச் சொல்ல வேண்டிய ஆள் மேலே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

அவரிடமும் சொல்லத்தான் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து, இந்தாங்க, நான் அன்னைக்கு என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. அந்த ஸ்பீக்கரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். என்ன சுத்தம், என்ன சுத்தம், கரண்டி சத்தம்கூட அப்படியே பக்கத்தில் கேட்டதே என்றார். ஜப்பான் சரக்காக இருக்கும் என்றார். நான் இன்னொரு தடவை ஆரம்பித்தேன். அவர் விலையை யோசித்துக்கொண்டிருந்தார். மனுஷன் ஒரு சண்டை போட்டிருந்தால், நாலு வார்த்தை கேட்டிருந்தால், நானும் அழுது தீர்த்திருப்பேன். அதற்கும் அவர் வழி வைக்கவில்லை.

தொடரில் அந்தக் காட்சி வருகிற நாளும் வந்தது. நான் தண்டோரா போட்டு வைத்திருந்தேனே, அதை எப்படித் திரும்ப வாங்குவது? பஜனைக் குழு முழுக்க எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. மின்சாரம் எந்த நேரம் போகுமோ என்று யாரோ பேட்டரிகூடத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மசாலாக் கடை அண்ணன் கதவோரம் நின்றுகொண்டார். என் கணவர் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து, தொலைக்காட்சிக்கு நேர் எதிரே இருந்தார். கடைசியில் என் பெயர் பர்மிய எழுத்தில் ஓடியதாகப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். நான் அதைப் பார்க்கவில்லை.

காட்சி வந்தது. அந்த நடிகைக்கு நம் ஆட்கள் மாதிரியே புடவை கட்டி, பொட்டு வைத்திருந்தார்கள். நல்ல அழகு. கணவனுக்கு எதிரே உட்கார்ந்து, கரண்டியை ஊதி ஊதி ஊட்டுகிறாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வாயில் இருந்ததெல்லாம் வழிந்து தாடைக்கு வருகிறது. என் குரல் பாடுகிறது. மெட்டு ஏறுகிற இடம் வந்ததும் அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கிறாள். புடவை முந்தானையை எடுத்து, அவனுடைய தாடையையும் கழுத்தையும் மெதுவாகத் துடைத்துவிடுகிறாள்.

கூட்டத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். "என்ன பொறுமை பாரேன். நம்ம அக்காவும் இப்படித்தானே மாமாவைப் பாத்துக்கிட்டாங்க" என்றாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், கதவோரம் நின்ற ஒருவரைத் தவிர.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்தேன். கொடியில் கிடந்த துண்டை இழுத்து எடுத்தேன். கட்டிலுக்குப் போய், எல்லோருக்கும் முன்னால், அவருடைய வாயோரத்தைத் துடைத்தேன். தாடையைத் துடைத்தேன். கழுத்தைத் துடைத்தேன். அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, ஒன்றும் வழியவில்லை. நான் விடாமல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக நகர்த்திவிட்டார்.

"ஒண்ணும் இல்ல புள்ள. நகரு, மறைக்குது."